பனி தேய்த்த கை

குளிரைப் பற்றி ஒரு சந்தேகம் என்றால் டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் இருந்த தமிழ்ச் சனம் அந்த வருடம் கனகசபையிடம்தான் வரும். மனுசன் பனி விழுந்து கண்ணால் கண்டதே அந்த மார்கழியில்தான். அதனாலென்ன? பதினைந்து வயதிலிருந்து பனியைப் புத்தகத்தில் படித்துக்கொண்டு வந்தவர். யாழ்ப்பாணத்தில் சங்கக்கடை மனேஜராக இருந்த காலத்தில், மொஸ்கோவில் தமிழில் அச்சடித்து வந்த தடித்த ரஷ்ய நாவல்களை ஒன்று விடாமல் வாங்கி, வெளியே வெயில் கொளுத்த, வேர்க்க விறுவிறுக்க இருந்து சைபீரியாவை வாசித்துத் தள்ளியவர். காலுக்கு எத்தனை சோடி மேசு போடுவது, தொப்பி காதை மூட வேண்டுமா, வாசலில் குவிந்த பனியை எந்தப் பக்கம் தள்ளுவது, எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. "ரஷ்யாவில என்ன செய்வினம் தெரியுமோ?" என்று தொடங்கினாரென்றால் இனி ஆளை நிற்பாட்ட ஏலாது.

அவரோடு மூன்றாம் மாடி வீட்டில் இன்னும் இருவர் இருந்தார்கள். ஒருவன் ஞானரட்ணம். நல்லாய்ச் சமைப்பான், கதை குறைவு. மற்றவன் நீக்கிலாஸ், மன்னார்க்காரன், கடலே கதி என்று வளர்ந்தவன். அவனுக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. எழுத்துக்கூட்டி வாசிப்பான், ஆனால் ஒரு பக்கம் முடிவதற்குள் கொட்டாவி வந்துவிடும். கதை கேட்கச் சொன்னால் மட்டும் சோறு தண்ணி வேண்டாம்.

1986 தை மாதம். நாலு மணிக்கே இருட்டிவிடும். மொழிப் பள்ளிக்கூடம் முடிந்து வந்து, ஈரச் சப்பாத்துகளைக் கடதாசிக்கு மேல் வைத்துவிட்டு, மூன்று பேரும் ஹீற்றருக்குக் கிட்டப் பாயைப் போட்டு, போர்வைக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு இருப்பார்கள். ஞானரட்ணம் இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைப்பான். கனகசபை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு புத்தகத்தை எடுப்பார். ஊரிலிருந்து புறப்பட்டபோது ஸ்வெற்றரைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் அவர் வைத்துக்கொண்டு வந்த ஒரேயொரு நாவல் அது. மேலட்டை கழன்று, தொடக்கத்தில் சில பக்கங்களும் போய், பெயரில்லாமல் கிடந்தது. உறைந்த ஆற்றின் ஓரத்தில் ஒரு கிராமம், அந்தக் கிராமத்துக்குப் பனிச்சறுக்கு வண்டியில் தபால் கொண்டுவரும் யெஃபீம் என்ற ஒருவன், அவனுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண். இதுதான் கதை.

மொழிப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த டெனிஷ்காரி ஒருநாள் ஆங்கிலத்தில் சொன்னாள், குளிர்காலத்தில் நாங்கள் மெழுகுதிரி கொளுத்தி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்து புத்தகம் வாசிப்போம், கோப்பி குடிப்போம், அந்தச் சுகத்துக்கென்று எங்களிடம் ஒரு தனிச் சொல்லே இருக்கிறது என்று. கனகசபை மொழிபெயர்த்துச் சொல்ல, நீக்கிலாஸ் சிரித்தான்.

"மெழுகுதிரி கொளுத்தி வைச்சுக்கொண்டு இருக்கிறதுக்கு எங்களிட்டையும் ஒரு சொல் இருக்கு எண்டு சொல்லுங்கோ அண்ணை. கரண்ட் போயிட்டுது."

சிரித்தானே தவிர அன்றைக்கே போய் மெழுகுதிரி வாங்கி வந்தவனும் அவன்தான். அந்த வெளிச்சத்தில் கனகசபை வாசிக்க, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். யெஃபீம் பனிப்புயலில் வழி தவறிய இடம் வந்தபோது, "கடவுளே, அந்தாளைக் காப்பாத்து" என்று நெஞ்சில் சிலுவை போட்டான். இப்படி ஒரு ரசிகன் கிடைத்தால் வாசிக்கிறவனுக்குத் தலைக்கனம் வராமல் என்ன செய்யும்? கனகசபை குரலை ஏற்றி இறக்கி, கிழவனுக்கு ஒரு குரல், பெண்ணுக்கு ஒரு குரல் என்று வெளுத்து வாங்குவார். அந்த வீட்டில் அந்த நேரம் எல்லோருக்கும் சந்தோசமான நேரம்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

நீக்கிலாஸுக்கு இன்னொரு சந்தோசமும் இருந்தது. அந்த டெனிஷ்காரியின் தமையன் மேற்குக் கரையில் ஒரு மீன்பிடி வள்ளத்துக்குக் கப்டன். நத்தார்ப் பண்டிகைக்குக் கிட்ட அவள் நீக்கிலாஸைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். கரையில் பொத்தல் விழுந்த வலை கிடந்தது. யாரும் கேட்கவில்லை; நீக்கிலாஸ் குந்தியிருந்து ஊசியையும் நூலையும் எடுத்தான். அவன் விரல்கள் போன வேகத்தைப் பார்த்துக் கப்டன் வாயில் வைத்த சுருட்டை எடுத்துவிட்டார். சித்திரை பிறக்க வா, கடலுக்குப் போவோம் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். வேலை என்று ஒன்று கையில் இருந்தால் மன்னாரில் இருக்கிற மனைவி மரியநாயகியையும் கைக்குழந்தையையும் கூப்பிடுவது லேசு. நீக்கிலாஸ் இரண்டு நாள் நித்திரை கொள்ளவில்லை. "இந்தக் கைதான் அண்ணை எனக்குப் பட்டம், பதவி எல்லாம்" என்று கையை விரித்துக் காட்டுவான்.

அப்படிப்பட்டவனுக்கு அந்த அத்தியாயத்தை வாசித்ததுதான் வினையாகப் போனது.

நாவலில் ஒரு கிழவன் உறைந்த ஆற்றில் கோடரியால் துளை போட்டு, தூண்டில் விட்டு மீன் பிடிக்கிறான். நீக்கிலாஸ் எழும்பி உட்கார்ந்தான்.

"ஐஸுக்குக் கீழ மீன் சாகாதோ?"

"சாகாது. கீழ தண்ணி ஓடும்" என்றார் கனகசபை, தானே இறங்கிப் பார்த்தவர் மாதிரி.

"இன்னொருக்கா வாசியுங்கோ."

வாசித்தார். மூன்றாம் தரமும் வாசிக்க வைத்தான். கனகசபை சும்மா இருந்திருக்கலாம். "இஞ்சயும் ஏரி உறைஞ்சுதானே கிடக்கு. ரஷ்யாக்காரன் செய்தால் மன்னார்க்காரன் செய்யேலாதோ?" என்று எடுத்துக் கொடுத்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் சொன்னார்.

சனிக்கிழமை காலமை நீக்கிலாஸ் எங்கேயோ ஒரு கோடரி இரவல் வாங்கிக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டான். அவன் திரும்பி வந்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மீசையில் ஐஸ், கைப்பையில் இரண்டு மீன், வாய் நிறையச் சிரிப்பு.

"சொன்ன மாதிரியே அண்ணை! கீழ இருக்கு! மீன் இருக்கு!"

"கையுறை எங்கயடா?" என்று ஞானரட்ணம் கேட்டான்.

"கையுறையைப் போட்டுக்கொண்டு ஆர் தூண்டில் பிடிக்கிறது? நூலில விரல் இருக்க வேணும். அப்பதான் மீன் கொத்துறது தெரியும். முதல் நொந்தது, பேந்து ஒண்டும் தெரியேல்லை."

தூண்டில் பிடிக்கிறவனுக்கு விரல்தான் கண். சின்ன வயதிலிருந்து அப்படிப் பழகியவன், ஈர நூலை வெறும் விரலில் சுற்றிக்கொண்டு அந்தக் காற்றில் மத்தியானம் முழுக்க இருந்திருக்கிறான். மேசையில் கையை வைத்தான். விரல்கள் மெழுகு மாதிரி வெள்ளையாக இருந்தன. ஞானரட்ணம் தட்டிப் பார்த்தான். கட்டை மாதிரிச் சத்தம் கேட்டது.

"தண்ணியை இளஞ்சூடாக்கிக் கொண்டு வாறன்" என்று அவன் குசினிக்கு ஓடினான்.

"நில்லடா! விசரே உனக்கு?" கனகசபை பாய்ந்து போய்க் கேத்திலைப் பறித்தார். "சூடு பட்டால் கை வெடிச்சுப் போகும். யெஃபீமுக்கு என்ன செய்தவை? பனியை அள்ளித் தேய்ச்சவை. தேய்க்கத் தேய்க்க ரத்தம் ஓடி வரும். வாளியை எடு."

ஞானரட்ணம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வாசித்தறியாதவன், வாசித்தவரோடு என்னத்தைக் கதைப்பது? வாளியை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனான்.

கனகசபை மனமாரத்தான் தேய்த்தார். அதில் ஒரு குறையும் இல்லை. தன் கை விறைத்துப் போக, மூச்சு வாங்க, பனியை அள்ளி அள்ளி அந்த விரல்களில் வைத்து அழுத்தித் தேய்த்தார். நாவலில் அந்த இடத்தில் யெஃபீமின் கைகள் ரோசாப்பூ நிறத்துக்குத் திரும்பும், வீட்டில் எல்லோரும் கைதட்டுவார்கள். இங்கே தோல் உரிந்தது. உரிந்த இடத்தில் ரத்தம் வரக்கூட இல்லை. நீக்கிலாஸ் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "தேயுங்கோ அண்ணை, தேயுங்கோ. உங்களுக்குத்தானே தெரியும்" என்றான்.

கீழ்வீட்டு டெனிஷ்காரர் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டொக்டருக்கு ஆங்கிலம் தெரியும், நீக்கிலாஸுக்குத் தெரியாது. நடுவில் கதவுக்குக் காவல் மாதிரிக் கனகசபை நின்றார். டொக்டர் அந்தத் தோலைப் பார்த்துவிட்டு, இதை யார் தேய்த்தது என்று கேட்டார்.

"நான்தான்" என்று கனகசபை ஆங்கிலத்தில் சொன்னார். "பனியால்."

டொக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலும் ஒரு மாதிரி ஆறியிருக்கும். பழைய புத்தகங்களில் அப்படித்தான் எழுதியிருக்கும், அது பிழை என்று நிதானமாகச் சொன்னார். உறைந்த சதைக்குள் ஐஸ் ஊசி ஊசியாக இருக்கும், தேய்த்தால் அது உள்ளே எல்லாவற்றையும் கிழித்துவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்துக்கொண்டு நேரே வந்திருந்தால் அநேகமாக எல்லா விரல்களையும் காப்பாற்றியிருக்கலாம். இனி எவ்வளவு மிஞ்சும் என்று சில கிழமை போனால்தான் தெரியும்.

"என்னவாம் அண்ணை?" என்று கேட்டான் நீக்கிலாஸ்.

"குளிர் எலும்பு மட்டும் இறங்கிட்டுதாம். பொறுத்துப் பாப்பமாம்."

"நீங்கள் பனி தேய்ச்சதைச் சொன்னனீங்களோ?"

"சொன்னன்."

"அதுக்கு என்ன சொன்னவர்?"

சொல்லியிருக்கலாம். ஒரு நிமிசம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். அவன் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், பாயில் இருந்து கதை கேட்கும்போது பார்க்கிற அதே பார்வை.

"நல்லதாம்" என்றார் கனகசபை. "தேய்ச்சபடியால் கொஞ்சமாவது மிஞ்சுமாம்."

பாவி மனுசன். ஒரு சொல்லோடு நிற்பாட்டியிருந்தாலும் பரவாயில்லை, கூட ஒரு வசனத்தையும் சேர்த்துவிட்டார்.

அதற்குப் பிறகு நீக்கிலாஸ் வாய் ஓயவில்லை. இரண்டு கையிலும் கட்டோடு வீட்டுக்கு வந்தவன், பார்க்கிறவர்களிடமெல்லாம் கனகண்ணையின் புகழ் பாடினான். மரியநாயகிக்குக் கசெற்றில் பேசி அனுப்புவது அவன் வழக்கம். ரேப் ரெக்கோடரின் பொத்தானை அமத்த ஏலாமல் விரலெல்லாம் கட்டுக்குள் இருந்ததால் கனகசபைதான் அமத்திப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

"மரியநாயகி, கேக்குதோ? எனக்குக் கையில கொஞ்சம் வருத்தம். நீ பயப்பிடாத. எங்கட கனகண்ணை இல்லாட்டில் ரெண்டு கையும் மணிக்கட்டோட போயிருக்கும். அவரை உன்ர கூடப்பிறந்த தமையன் எண்டு நினைச்சுக்கொள். மடு மாதாவுக்கு அவர்ர பேரில ஒரு மெழுகுதிரி கொளுத்து."

கனகசபை பொத்தானை விட்டுவிட்டு வெளியே போய்ப் படியில் இருந்தார். கசெற்றைத் தபாலில் போட்டவரும் அவரேதான்.

மாசி முழுவதும் விரல்கள் கறுத்துக்கொண்டே வந்தன. மாசி முடிவில் வெட்டினார்கள். வலக்கையில் பெருவிரல் மட்டும் மிஞ்சியது. இடக்கையில் கடைசி இரண்டும் போயின. டெனிஷ்காரி பூங்கொத்தோடு வந்து தமையன் சுகம் விசாரித்ததாகச் சொன்னாள். சித்திரையைப் பற்றி அவளும் கதைக்கவில்லை, நீக்கிலாஸும் கேட்கவில்லை. அன்றைக்கும் அவன் அழவில்லை. "கை இருக்குத்தானே. விரல்தான் போச்சு. கனகண்ணை இருந்தபடியால் இவ்வளவோட போச்சு" என்றான். கனகசபை அவனுக்குச் சோறு குழைத்து வாயில் தீத்தினார், தலை வாரிவிட்டார், சேட்டுக்குப் பொத்தான் பூட்டிவிட்டார். ஒவ்வொன்றுக்கும் அவன் நன்றி சொன்னான். புத்தகத்தை மட்டும் அவர் பிறகு தொடவில்லை. வாசிக்கச் சொல்லி அவன் கேட்டால் தொண்டை சரியில்லை என்பார்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீக்கிலாஸை வருத்தம் பார்க்க ஆட்கள் வந்தார்கள். கோல்டிங் நகரிலிருந்து அல்பேட்டும் அவன் மனைவி யசிந்தாவும், பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய மகளும். யசிந்தா பெரிய சட்டியில் கோழிக்கறி கொண்டுவந்திருந்தாள். வெளியே இன்னும் பனி கிடந்தது. மகள் யன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு டெனிஷில் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

"இவளும் ஒருநாளும் கையுறை போடமாட்டாள் அண்ணை" என்று யசிந்தா குறைப்பட்டாள். "முந்தநாள் பள்ளிக்கூடத்தால வந்து நிக்கிறாள், விரல் நுனியெல்லாம் வெள்ளை. நான் பதறிப் போனன்."

நீக்கிலாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். வந்த நாளிலிருந்து மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு, இப்போது சொல்லிக் கொடுக்க ஒன்று இருந்தது.

"அக்கா, இதை வடிவாக் கேளுங்கோ. விரல் வெளுத்தால் சுடுதண்ணி காட்டக் கூடாது. உடன பனியை அள்ளி நல்லா அழுத்தித் தேய்க்க வேணும். இஞ்ச பாருங்கோ, எனக்கு இவ்வளவும் மிஞ்சினதே அதாலதான். டொக்டரே சொன்னவர். கனகண்ணையைக் கேளுங்கோ."

யசிந்தா மகளைக் கூப்பிட்டு மடியில் இருத்தினாள். "காதுக்கும் தேய்க்கலாமோ அண்ணை?" என்று கனகசபையைப் பார்த்துக் கேட்டாள்.

ஞானரட்ணம் குசினி வாசலில் அகப்பையோடு நின்று அவரைப் பார்த்தான். அவனுக்கு முதலிலிருந்தே ஒரு சந்தேகம் இருந்திருக்க வேண்டும். பிள்ளை தன் சின்ன விரல்களால் தாயின் வளையலை உருட்டிக்கொண்டிருந்தது. கனகசபை அந்த விரல்களைப் பார்த்தார். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தான் மனிசனே இல்லை என்று அவருக்குப் பட்டது.

"தேய்க்கக் கூடாது" என்றார்.

"என்னண்ணை?"

"தேய்க்கக் கூடாது பிள்ளை. பனியே காட்டக் கூடாது. தேய்ச்சால் விரல் போயிடும். இளஞ்சூட்டுத் தண்ணியிலதான் வைக்க வேணும்."

நீக்கிலாஸ் சிரிக்கப் பார்த்தான். "என்ன அண்ணை மாறிச் சொல்லுறியள்? டொக்டர்தானே..."

"டொக்டர் அப்படிச் சொல்லேல்லை."

யசிந்தா மகளைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். பஸ்சுக்கு நேரமாகிறது என்று அல்பேட் சொன்னான். கோழிக்கறிச் சட்டியைத் திறக்காமலே விட்டுவிட்டுப் போனார்கள். கதவு சாத்தியபிறகு நீக்கிலாஸ் அதே இடத்தில், கட்டுப்போட்ட இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தான்.

"அண்டைக்கு டொக்டர் சொன்னதைச் சொல்லுங்கோ" என்றான். "முழுக்கச் சொல்லுங்கோ. ஒண்டும் விடாமல்."

கனகசபை சொன்னார். ஏற்ற இறக்கம் இல்லாமல், கிழவனுக்கொரு குரல் பெண்ணுக்கொரு குரல் என்று இல்லாமல், ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்க வேண்டிய ஒவ்வொரு வசனத்தையும் சொன்னார். யார் தேய்த்தது என்று கேட்டதைச் சொன்னார். ஐஸ் ஊசி ஊசியாகக் கிழித்ததைச் சொன்னார். தண்ணீரில் வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் சொன்னார்.

"எல்லா விரலுமோ?"

"அநேகமா எல்லாம் எண்டுதான் சொன்னவர்."

நீக்கிலாஸின் குரலில் கோபம் இல்லை. ஒரு கணக்கு விளங்காதவன் கேட்கிற மாதிரித்தான் கேட்டான்.

"தேய்ச்சது தெரியாமல் செய்தது. அதை விடுங்கோ. அது நானெண்டாலும் செய்திருப்பன். ஆனால் எனக்குச் சொல்லாமல் விட்டது... நான் தாங்கமாட்டன் எண்டோ விட்டனீங்கள்?"

ஓம் என்று சொல்லலாம். அவனே வழியைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் அதற்குள்ளால் வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தான். ஓம், உனக்காகத்தான் தம்பி என்றால் அவன் நம்பியிருப்பான். நம்பத்தான் அவன் கேட்டதே.

"இல்லை" என்றார் கனகசபை. "எனக்காகத்தான்."

நீக்கிலாஸ் அழுதான். விரல் கறுத்த நாளிலும் வெட்டின நாளிலும் கண் கலங்காதவன், தோள் குலுங்கக் குலுங்க, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதான். கண்ணீரும் மூக்குச் சளியும் மீசையில் வழிந்தன. துடைக்கக் கையைத் தூக்கினான். கட்டுத்தான் முகத்தில் இடித்தது. கனகசபை தன்னையறியாமல் எழும்பி இரண்டடி வைத்தார். நீக்கிலாஸ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஞானரட்ணம் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, தன் சாரத்தின் நுனியால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டான். அன்று இரவு அவனுக்குச் சோறு தீத்தியதும் ஞானரட்ணம்தான்.